மெமன்டோ: தலையும் புரியல, வாலும் புரியல. மறுபடி எப்படிப் பாக்க?

பேட்டைக்காரன் கேட்டது:

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். கிறிஸ்டோபர் நோலனோட ‘மெமன்டோ’ (2000) படத்தை நாலு பேரு சேந்து பாத்தோம். தலையில அடிபட்டதுல புது ஞாபகம் எதுவும் நிக்காத லெனார்டு, பொண்டாட்டியைக் கொன்னவனைப் போட்டோவும் பச்சைக்குத்தும் வச்சுத் தேடுத கதை. டெடி அவன்கூட சுத்துத ஆளு. முடிஞ்சதும் ஆளுக்கொரு கதை சொல்லுதோம். ஒருத்தன் டெடிதான் கொலைகாரன்ங்கான். இன்னொருத்தன் லெனார்டே பொண்டாட்டியைக் கொன்னுட்டான்ங்கான். மூணாவது ஆளு, தன்னை மாதிரியே மறதி வந்தவன்னு லெனார்டு கதை சொல்லுத சாமி ஜான்கிஸ்னு ஒருத்தனே கெடையாதுன்னு சத்தியம் பண்ணுதான். நான் யாரு பக்கம்னு எனக்கே தெரியல.

கலர் சீன் பின்னால போகுதுங்கது அரைமணி நேரத்துல பிடிபட்டுப் போச்சு. நடுநடுவுல வார கறுப்புவெள்ளை எங்க சேருதுன்னுதான் பிடிபடல. மறுபடி பாக்கணும்னா எப்படிப் பாக்க? ரெண்டாவது, கடைசில டெடி சொல்லுத வெவரத்தை நம்பலாமா? மூணாவது, ‘கஜினி’யில (2005) சூர்யாவுக்கு வந்த அதே ‘ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்’தானா இதுவும்? நெசத்துல இப்படி ஒரு வியாதி உண்டா?

வார ஞாயித்துக்கெழமை பாளையங்கோட்டையில ஒரு மாடி ஹால்ல பதினஞ்சு இருபது பேருக்கு இந்தப் படத்தைப் போட்டுப் பேசலாம்னு இருக்கோம். முக்கால்வாசிப் பேரு பாக்காதவங்க. முன்கூட்டி என்ன சொல்லணும், என்ன சொல்லக்கூடாதுங்கதையும் சொன்னா நல்லது.

படம் பாக்காதவங்க இதுக்குக் கீழ எறங்க வேண்டாம். முடிச்சு பூரா அவுந்து கெடக்கும்.

கல்லிடை கிராஸிங்:

தம்பி, செங்கோட்டை லைனை நெனைச்சுக்கிடுங்க. நெல்லை ஜங்ஷன்லருந்து ஒரு பாசஞ்சர் மேக்க பொறப்படுது. செங்கோட்டையிலருந்து இன்னொண்ணு கெழக்க வருது. ஒத்தை லைன். ரெண்டுக்கும் அம்பாசமுத்திரத்துல கிராஸிங். மொத்தப் படமும் அவ்வளவுதான்.

லைன்ங்கது கதை நடக்க நேரம். ஜங்ஷன் தொடக்கம், செங்கோட்டை முடிவு. கறுப்புவெள்ளை வண்டி ஒழுங்கா முன்னால போகுது: டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. கலர் வண்டி செங்கோட்டையிலருந்து பின்னால வருது. நோலன் நம்மளை இந்த வண்டியில ஒரு ரெண்டு நிமிஷம், அந்த வண்டியில ஒரு மூணு நிமிஷம்னு மாத்தி மாத்தி ஏத்தி எறக்குதாரு. படம் முடியுத எடம் அம்பாசமுத்திரம், அதாவது கதையோட நடு. அதனாலதான் படம் முடிஞ்சும் முடியாத மாதிரி கெடக்கு.

இங்கன ஒரு சூதானம் வேணும். கலர் வண்டி பின்னால போகுதுன்னா சீனு ரிவர்ஸ்ல ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் எல்லாம் முன்னாலதான் நடக்கும். மொதல்ல தென்காசியிலருந்து செங்கோட்டை வரைக்கும் காட்டுவாரு. பொறவு பாவூர்சத்திரத்துலருந்து தென்காசி வரைக்கும். பொறவு கீழக்கடையத்துலருந்து பாவூர்சத்திரம். ஆக ஒரு துண்டு முடியுத எடமும், அதுக்கு முன்னால நாம பாத்த கலர் துண்டு தொடங்குன எடமும் ஒண்ணு. அந்த ஒட்டுல சில விநாடி ரெண்டு தடவை வரும்: அதே கதவு, அதே அசைவு, அதே வார்த்தை. அந்த ஒட்டைப் பிடிச்சாத்தான் கோக்க முடியும். நெசமாவே ரிவர்ஸ்ல ஓடுதது படத்தோட மொத காட்சி மட்டும்தான். கையில ஆட்டுத போலராய்டு போட்டோ தெளியதுக்குப் பதிலா மங்கிக்கிட்டே போகும். செத்துக் கெடக்கவன் எந்திரிப்பான்.

எண்ணிக்கைக்கு வருவோம். கறுப்புவெள்ளை 22 துண்டு, கலர் 22 துண்டு. கறுப்புவெள்ளைக்கு ‘க’, வண்ணத்துக்கு ‘வ’. நேர வரிசைப்படி க1 முதல் க22, அது முடிஞ்சு வ1 முதல் வ22ன்னு பேரு வச்சுக்கிடுங்க. படம் நமக்குக் காட்டுத வரிசை இது: ரிவர்ஸ் காட்சி, க1, வ22, க2, வ21, க3, வ20... இப்படியே போயி க22, வ1. ஒரு ‘க’வையும் அதுக்கு அடுத்து வார ‘வ’வையும் கூட்டுனா எப்பவும் 23 வரும். நடுவுல கொழம்பிட்டா இந்தக் கூட்டலை வச்சு எங்க நிக்கோம்னு கண்டுபிடிச்சிரலாம்.

இப்பம் தாளு. ரெண்டாவது தடவை பாக்கும்போது ரெண்டு நீளத் தாளைத் தலைக்கும் காலுக்குமா ஒட்டிக்கிடுங்க. மேல்தாள்ல 22 கோடு, கீழ்தாள்ல 23. கறுப்புவெள்ளையை மேல்தாள்ல உச்சியிலருந்து கீழ எழுதிக்கிட்டே வாங்க. கலரைக் கீழ்தாள்ல அடிக்கோட்டுலருந்து மேல எழுதிக்கிட்டே போங்க. ரிவர்ஸ் காட்சி ஆக அடியில, அதுக்கு மேல வ22, அதுக்கு மேல வ21. படம் முடியுத நேரத்துல ரெண்டு எழுத்தும் நடு ஒட்டுல வந்து முட்டும். அந்தத் தாளை உச்சியிலருந்து அடி வரைக்கும் வாசிச்சா நேர்வரிசைக் கதை வந்துரும். வேற சோலி கெடையாது.

ஒரு கோட்டுக்கு அஞ்சாறு வார்த்தை போதும். எங்க, யாரு கூட, கையில என்ன, எதுல முடிஞ்சுது. பொருளை எழுதுங்க: போட்டோ, பாட்டில், காயம், கார்ச் சாவி. ‘இவன் சரியில்லாத ஆளு போல’ன்னு அபிப்ராயத்தை எழுதாதிய. எழுதுனா பத்தாவது கோட்டுல அது உண்மை மாதிரி ஆயிரும். லெனார்டு டெடி போட்டோவுக்குப் பின்னால, இவன் பொய்யை நம்பாதேன்னு எழுதி வச்சதும் அப்படி ஒரு அபிப்ராயந்தான். தேதியும் இல்ல, காரணமும் இல்ல.

ரொம்பப் பேரு தப்பு பண்ணுத எடம் கலர் துண்டோட தொடக்கம். அங்க லெனார்டுக்கே எங்க நிக்கோம்னு தெரியாது, அதனால நாமளும் முழிச்சுக்கிட்டு எழுதாம விட்டுருவோம். உதாரணத்துக்கு, கையில சாராய பாட்டிலோட கக்கூஸ்ல உக்காந்து, குடிச்ச மாதிரியே இல்லையேன்னு யோசிப்பான். வேடிக்கையா இருக்கும், ஆனா ‘பாட்டில்’னு குறிச்சு வைங்க. அடுத்த கலர் துண்டுலதான் அது குடிக்கதுக்கு இல்ல, வாரவன் மண்டையில போடதுக்கு எடுத்த பாட்டில்னு தெரியும். பாட்டில்னு ஒரு வார்த்தை தாள்ல இல்லன்னா அந்த ஒட்டு நழுவிரும்.

உடுப்பும் ஒரு அடையாளம். கறுப்புவெள்ளையில சாதா சட்டை. கலர்ல வெளிர்நெறக் கோட்டு, கூட ஜாகுவார் காரு. அந்தக் கோட்டும் காரும் யாருதுங்கதுக்கு விடை நடு ஒட்டுலதான் இருக்கு. க22ல ஜிம்மிங்கவனைக் கொன்னுட்டு அவன் உடுப்பை மாட்டுதான். கொன்னதைப் போட்டோ எடுத்துக் கையில வச்சு ஆட்டுதான். தாள்ல உருவம் பைய பைய தெளியும். அது தெளியத் தெளிய, திரையும் அதுகூடவே கறுப்புவெள்ளையிலருந்து கலருக்கு மாறிக்கிட்டு வரும். வெட்டு கெடையாது, சத்தம் கெடையாது. இதுதான் அம்பாசமுத்திரம். மொத தடவை பாக்கவங்கள்ல பாதிப் பேரு இதைக் கவனிக்கவே மாட்டாங்க.

ரீல்பெட்டி:

அண்ணாச்சியோட ரயிலு கணக்கு சுத்தமான கணக்கு. ஆனா தம்பி, ஞாயித்துக்கெழமை பாக்காதவங்க கையில தாளைக் குடுத்துராதிய. மொத தடவை கொழம்பத்தான் வேணும். லெனார்டுக்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால நடந்தது தெரியாது. கலரைத் திருப்பி அடுக்குனதால நமக்கும் தெரியாது. அவன் இருக்க எடத்துல நம்மளையும் எறக்கி விடுததுக்குத்தான் இந்த அடுக்கு. படம் காட்டுதவங்க அந்த வேலையைக் கெடுக்கப்புடாது.

எப்படி வேலை செய்யுதுங்கதுக்கு ஒரு எடம் சொல்லுதேன். பார்ல வேலை பாக்க நாட்டலி முகத்துல காயத்தோட வீட்டுக்குள்ள வாரா. டாட்னு ஒருத்தன் அடிச்சிட்டான்ங்கா. லெனார்டு பதறிப்போயி, நான் பாத்துக்கிடுதேன்ங்கான். நமக்கும் மனசு எளகிரும். அடுத்து வார கலர் துண்டு, அதுக்கு முந்துன கொஞ்ச நேரம். கூடத்துல கெடக்க பேனா பென்சிலை ஒண்ணு விடாமப் பொறுக்கித் தன் பைக்குள்ள போடுதா. போட்டுட்டு, செத்துப்போன அவன் பொண்டாட்டியைப் பத்தி வாயில வரக்கூடாதது எல்லாம் பேசுதா, அவன் கை நீட்டுத வரைக்கும். அடி வாங்குனதும் வெளிய போயிக் காருக்குள்ள உக்காந்துக்கிடுதா. சும்மா. உள்ள இவன் மறந்துரக்கூடாது, மறந்துரக்கூடாதுன்னு மொனங்கிக்கிட்டே எழுத ஏதாவது கெடைக்குமான்னு மேசையெல்லாம் துழாவுதான். வெளிய கார்க் கதவு சாத்துத சத்தம். அந்தச் சத்தத்துக்குத் தலை திரும்புது, போச்சு. மூஞ்சில இருந்த கோவம் வடிஞ்சு, என்னம்மா ஆச்சுன்னு கேக்கத் தயாரா நிக்கான். அவ கதவைத் தெறந்து உள்ள வாரா.

இதையே நேர்வரிசையில பாத்தா, நாட்டலி மோசக்காரின்னு தெரிஞ்சுக்கிட்டே அடுத்த சீனைப் பாப்போம். உப்பு சப்பு இருக்காது. அமெரிக்காவுல வந்த ரெண்டு டிஸ்க் டிவிடியில நேர்வரிசையா பாக்கதுக்கு ஒரு வழியை ஒளிச்சு வச்சிருந்தாங்க. மூணாவது தடவைக்கு அது சரி. மொத தடவைக்கு அதை எவனாவது சொன்னா காதுல வாங்காதிய.

ஹால் வெவரம். படம் 113 நிமிஷம், இடைவேளை விடக்கூடாது. நிறுத்துததுக்கு நல்ல எடம்னு இதுல ஒண்ணு கெடையாது, ஏன்னா ஒவ்வொரு கலர் துண்டோட தொடக்கத்தையும் அடுத்த கலர் துண்டு முடியுத வரைக்கும் மனசுல சொமந்துக்கிட்டுப் போகணும். டீ, முறுக்கு, பாத்ரூம் எல்லாத்தையும் முன்னாலயே முடிச்சிரச் சொல்லுங்க. லேட்டா வாரவங்களுக்கு உள்ள எடம் கெடையாதுன்னும் சொல்லிருங்க. மொத ரெண்டு நிமிஷம் போனா ரிவர்ஸ் காட்சியே போச்சு. ஓடிடியில போடுதியன்னா ‘ஸ்கிப் இன்ட்ரோ’ எட்டிப் பாத்தாலும் அமுக்காதிய. வெளம்பரம் வார பிளான்ல போடவே வேண்டாம், ஒட்டு நடுவுல சோப்பு வெளம்பரம் வந்தா அந்தச் சில விநாடி செத்துப்போகும்.

கரண்டு போறதுக்கும் தயாரா இருங்க. லாம்ப் வச்ச புரொஜெக்டர்னா சூடு ஆறுன பொறவுதான் மறுபடி எரியும், சில நிமிஷம் ஆகும். கரண்டு வந்ததும் விட்ட எடத்துலருந்து போட்டா ஒருத்தருக்கும் புரியாது. அதுக்கு முந்துன கலர் துண்டோட தொடக்கத்துக்கு ஓட்டிப் போடுங்க. அஞ்சாறு நிமிஷம் வீணாப் போனாலும் பரவாயில்ல.

பகல் காட்சி வேண்டாம். பாளையங்கோட்டை வெயிலு ஜன்னல் இடுக்குல புகுந்தாப் போதும், கறுப்பு சாம்பலாயிரும். அண்ணாச்சி சொன்ன அந்த நெறம் மாறுத எடம் தெரியவே தெரியாது. ஏழு மணிக்கு மேல வைங்க. புரொஜெக்டர்ல ‘விவிட்’, ‘டைனமிக்’னு எது இருந்தாலும் மாத்தி ‘சினிமா’ மோடுல போடுங்க, இல்லன்னா கறுப்புவெள்ளையில நீலம் தட்டும். கறுப்புவெள்ளைத் துண்டு முக்கால்வாசி போன்ல பேசுததும் மனசுக்குள்ள பேசுததும்தான். சீலிங் ஃபேன் கடகடன்னு ஓடுத ஹால்னா வசனம் காதுல விழாது. ஸ்பீக்கரை முன்னாலயும் நடுவுலயும் வச்சு, சப்டைட்டிலைக் கண்டிப்பா போடுங்க.

முன்னால என்ன பேசன்னு கேட்டிய. நாலு பேரு மட்டும் சொல்லுங்க: லெனார்டு, டெடி, நாட்டலி, சாமி. கறுப்புவெள்ளையும் கலரும் ரெண்டு தடம், ரெண்டையும் கவனிங்கன்னு ஒரு வரி. போதும். பின்னால போகுதுன்னு சொல்லாதிய, அதை அவங்களே கண்டுபிடிக்கதுதான் சொகம். ‘கஜினி’ பேச்சை எடுக்கவே வேண்டாம். பச்சை குத்துததும் போட்டோவும் ஒண்ணா இருக்குன்னு, அங்க இருக்க மாதிரி டைரியைத் தெறந்ததும் காதல் கதை வரும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. அங்க நாயகன் மறந்துட்டாலும் பழங்கதை நமக்கு உறுதியாத் தெரியும். இங்க பழங்கதையே உறுதி இல்ல.

ஹைகிரவுண்ட் ஓபி:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில்.

‘ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்’ என்று ஊரெல்லாம் சொல்கிறோம். பெயரே தலைகீழ். லெனார்டிடம் ஒழுங்காக வேலை செய்வதே குறுகியகால நினைவுதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார், போன் எண்ணைக் கேட்டு அழுத்துகிறார், பேச்சைத் தொடர்கிறார். கெட்டுப்போனது அதை நீண்டகால நினைவாகப் பதிய வைக்கும் வேலை. இதற்கு ஆன்டிரோகிரேடு அம்னீசியா என்று பெயர். காயத்துக்கு முந்தைய நினைவு அழிவது ரெட்ரோகிரேடு அம்னீசியா. நம் பழைய படங்களில் தலையில் அடிபட்டுப் பெயரே மறந்து, கிளைமாக்ஸில் இன்னொரு அடி விழுந்ததும் எல்லாம் திரும்பி வருமே, அந்த இரண்டாவது அடி வைத்தியம் மருத்துவத்தில் எங்கும் கிடையாது.

நிஜத்தில் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953ல் மூளையின் இரு பக்கமும், புது நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அப்போது அவருக்கு 27 வயது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் சந்தித்த யாரும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. 2008ல் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் எச்.எம். என்ற எழுத்துகளாகத்தான் இருந்தார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு சோதனை செய்தார்: கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோட்டை ஒட்டி வரைய வேண்டும். மூன்று நாளில் அவர் கை நன்றாகத் தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை இதற்குமுன் செய்ததே இல்லை என்றார். அதாவது கை கற்றுக்கொள்ளும், ஆளுக்குத் தெரியாது. செய்முறை நினைவு ஹிப்போகாம்பஸை நம்பி இல்லை என்பது அப்போது தெரிந்தது.

படத்தில் சாமிக்கு வைக்கும் மின்சாரக் கட்டைச் சோதனை இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. 1911ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் கிளாபரேட், தன்னை ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கும் ஒரு நோயாளியிடம், கையில் ஊசியை ஒளித்துக்கொண்டு கை குலுக்கினார். அடுத்த முறை கை நீட்டியபோது அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சாமியும் அப்படி ஷாக் அடிக்கும் கட்டையைத் தவிர்க்கக் கற்றிருக்க வேண்டும், கற்கவில்லை, ஆகவே இது மூளைக் காயம் இல்லை, மனநோய் என்று, அடிபடுவதற்கு முன் காப்பீட்டுக் கம்பெனி ஆளாக இருந்த லெனார்டு முடிவு கட்டுகிறார். தர்க்கம் ஏறக்குறைய சரி. தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சரி இல்லை, ஏனென்றால் காயம் எந்த இடத்தில், எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்தக் கற்றலும் கெடலாம்.

படம் மருத்துவத்தோடு முரண்படும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். புது நினைவு உடனே உறைவதில்லை, கெட்டிப்பட நேரம் வேண்டும். அதனால் பலத்த தலைக்காயம் பட்டவர்களுக்கு அடிக்கு முந்தைய நிமிடங்கள், சில சமயம் மணிக்கணக்கு, பதியாமலே போய்விடும். பைக் விபத்தில் மாட்டியவரிடம் கேட்டால் கடைக்குக் கிளம்பியதுவரை சொல்வார், மோதியது தெரியாது. லெனார்டு என்ன சொல்கிறார்? அடிபட்ட அந்தக் கணமே தன் கடைசி நினைவு என்கிறார். தரையில் கிடந்த மனைவியின் கண்கள்வரை தெளிவாக வர்ணிக்கிறார். எந்த நினைவு இருக்கவே வாய்ப்பு குறைவோ, அதுதான் அவரிடம் பளிச்சென்று இருக்கிறது. திரைக்கதைப் பிழை என்று தள்ளலாம். அந்த நினைவு பின்னால் அவரே கட்டிக்கொண்டது என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

இப்படிக் கட்டிக்கொள்வது நிஜ நோயாளிகளிடம் உண்டு. நெடுநாள் குடியாலோ சத்துக் குறைவாலோ வைட்டமின் பி1 வற்றிப் போனால் வருகிற கோர்சகோஃப் நோயில், ஓட்டையை அடைக்க மூளை தானே கதை கட்டும். சொல்பவருக்கு அது பொய் என்று தெரியாது. ஆங்கில இசைக்கலைஞர் கிளைவ் வேரிங்குக்கு 1985ல் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்குப் பின் புது நினைவு நிற்காமல் போயிற்று. பியானோ மட்டும் கையில் நின்றது. இப்போதுதான் விழித்தேன் என்று டைரியில் எழுதுவார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வரியை அடித்துவிட்டு அதையே மறுபடி எழுதுவார். எழுத்து தன்னுடையதே, ஆனால் அதை நம்பவில்லை. லெனார்டு நேர்மாறு: தன் கையெழுத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார். ஞாயிற்றுக்கிழமை பேச இது போதும்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. வீட்டில் யாராவது திடீரென்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், சினிமா மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் தானே தெளியும் தற்காலிக மறதி ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனால் பக்கவாதம், வலிப்பு, சர்க்கரை இறங்கியது எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயரை வைக்க முடியும். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் கூட இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பேட்டைக்காரன்:

அந்தக் கடைசி நினைவு விஷயம் ஆளைத் தூக்கிப் போட்டுட்டு. அப்பம் டெடி சொல்லுததுதான் நெசம்னு முடிவு கட்டிரலாமா? சாமி தன் பொண்டாட்டிக்கு இன்சுலின் ஊசியை மறந்து மறந்து திரும்பத் திரும்பப் போட்டு அவ செத்துட்டான்னு லெனார்டு சொல்லுதான். டெடி என்னன்னா சாமிக்குப் பொண்டாட்டியே கெடையாது, சர்க்கரை வியாதி இருந்தது லெனார்டு பொண்டாட்டிக்குத்தான்னு சொல்லுதாரே.

வண்ணாரப்பேட்டை அக்கா:

அவசரப்படாதிய தம்பி. படத்துல வாரதை மூணு குவியலாப் பிரிச்சுக்கிடுங்க. கேமரா நேரா நம்ம கண்ணு முன்னால நடத்திக் காட்டுதது ஒரு குவியல். எழுதி வச்சதும் போட்டோவும் ரெண்டாவது. ஒருத்தர் வாயால சொல்லுததும் ஞாபகப்படுத்துததும் மூணாவது. மொத குவியலை மட்டும்தான் சாட்சியா ஏத்துக்கிடணும்.

சாமி கதை எந்தக் குவியல்? அது கறுப்புவெள்ளையில வருதுங்கதால, மத்த கறுப்புவெள்ளை மாதிரி நடந்த விஷயம்னு நாம எடுத்துக்கிடுதோம். மோசம் போறது இங்கனதான். ரூம்ல போனைப் பிடிச்சுக்கிட்டு லெனார்டு உக்காந்திருக்கது மொத குவியல். போன்ல அவன் சொல்லுத சாமி கதை மூணாவது குவியல். நெறம் ஒண்ணுதான், எடை வேற. க-கோட்டுல எழுதும்போது சாமி காட்சிக்கு மட்டும் அடியில ஒரு கோடு இழுத்து வைங்க.

இப்பம் சில்லறையை எண்ணுவோம். ஆஸ்பத்திரியில சாமி நாக்காலியில உக்காந்திருப்பான். ஒரு ஆளு குறுக்க நடந்து போவாரு. அவரு விலகுத கண்ணிமைக்க நேரத்துல நாக்காலியில இருக்கது லெனார்டு. கம்ப்யூட்டர்ல விஎல்சி பிளேயர்ல பாத்தா அந்த எடத்துல நிறுத்தி, கீபோர்டுல இங்கிலீஷ் ‘E’ எழுத்தை அமுக்குங்க, பிரேம் பிரேமா நகரும். அந்தக் காட்சியில இருந்தது யாருன்னு படம் குடுக்க சாடை இது. அடுத்து ஊசி. பொண்டாட்டி தொடையை வெளையாட்டாக் கிள்ளுததா ஒரு ஞாபகம், அதே எடத்துல ஊசி போடுததா இன்னொரு கீற்று. ரெண்டும் அவன் மண்டைக்குள்ள இருக்கதுதான், எதை எது மேல ஒட்டுனான்னு நமக்குத் தெரியாது.

இதை வச்சு டெடி கட்சிக்கு ஓட்டுப் போடப் போனா, கடைசில கார் ஓட்டும்போது ஒரு காட்சி வரும் பாருங்க. பொண்டாட்டி பக்கத்துல படுத்திருக்கா, அவன் நெஞ்சுல, காரியத்தை முடிச்சாச்சுங்கத மாதிரி பச்சை குத்தியிருக்கு. பொண்டாட்டி போன பொறவு தேடிப் பழி வாங்கதுக்குத்தான் பச்சையே. ரெண்டும் ஒரு கட்டில்ல இருக்க வழியே இல்ல. அப்பம் அவன் மண்டைக்குள்ள வார படம் எதுவும் சாட்சிக்கு ஆகாது, டெடிக்குச் சாதகமா இருக்கதும் சேத்துத்தான்.

டெடிக்குப் பொய் சொல்ல முகாந்திரம் உண்டு. ஜாகுவார் டிக்கியில ரெண்டு லட்சம் டாலர் கெடக்கு, லெனார்டை வச்சு ஆளைத் தீத்து அதை அமுக்கப் பாக்காரு. ஆனா கடைசில அவரு சொல்லுத கதையால அவருக்கு ஒரு பைசா லாபம் இல்ல, லெனார்டுக்குக் கோவந்தான் வருது. லெனார்டு வெறும் நெஞ்சைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு நிக்க போட்டோ ஒண்ணும் அவரு பேச்சுக்குத் தோதா இருக்கு. போட்டோ ரெண்டாவது குவியல்தான், ஆனாலும் வெறும் வாய்ப்பேச்சுக்கு மேல. அதனால டெடி சொல்லுததுல முக்காலே மூணு வீசம் நெசம்னு எடுத்துக்கிடலாம். பொண்டாட்டி சாவு இன்சுலினாலதானாங்கது மட்டும் தொங்கல்ல நிக்கும். படம் அதை வேணும்னே முடிக்கல.

சந்தேகமே இல்லாத ஒண்ணு இருக்கு, அதை ஒருத்தரும் பேச மாட்டேங்காங்க. ஜிம்மி பொணத்தோட போட்டோவையும், தான் சிரிச்சுக்கிட்டு நிக்க போட்டோவையும் லெனார்டு தன் கையால தீ வச்சுப் பொசுக்குதான். டெடி கார் நம்பரைத் துப்புன்னு எழுதிப் பச்சை குத்த ஏற்பாடு பண்ணுதான், கொஞ்ச நேரத்துல இதெல்லாம் தனக்கே மறந்துரும்னு தெரிஞ்சே. இது மொத குவியல், கேமரா முன்னால நடக்கு. அப்பம் உங்க கூட்டாளிமாரோட கணக்கு: டெடிதான் கொலைகாரன்னவர் லெனார்டு வச்ச கண்ணியில விழுந்துட்டாரு. லெனார்டேன்னவர் பாதி தூரம் வந்துட்டாரு. சாமியே இல்லன்னவர் கொஞ்சம் தாண்டிப் போயிட்டாரு, டெடி சொல்லுதபடி சாமின்னு ஒரு ஏமாத்துக்காரன் இருந்தான், பொண்டாட்டிதான் கெடையாது.

ரீல்பெட்டி:

அக்கா சொன்ன மூணு குவியலைப் படம் முடிஞ்ச பொறவு கரும்பலகையில எழுதிப் போட்டு, ஆளுக்கொரு சீனைச் சொல்லச் சொல்லி எந்தக் குவியல்னு சண்டை போட விடுங்க. தாளை அப்பம் குடுக்கலாம், அடுத்த தடவைக்கு. அண்ணாச்சிக்கும் எனக்கும் சமாதானம்.

கல்லிடை கிராஸிங்:

சமாதானம்தான். ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு: தாளைப் பென்சில்ல எழுதச் சொல்லுங்க. வ12, வ11 பக்கம் வரும்போது ஒரு துண்டை ரெண்டா எண்ணி ஒரு கோடு தள்ளிப் போகாத ஆளு கெடையாது. கூட்டிப் பாத்து 23 வரலன்னா அங்கனயே நிறுத்தி, கடைசியா எந்த ஒட்டு சரியா விழுந்துச்சோ அது வரைக்கும் அழிச்சுட்டுத் திரும்ப எழுதணும். ரப்பரும் ஒண்ணு வச்சுக்கிடுங்க.